அட்டையின் பின்பக்கம்

போன மாதம் சிகாகோவிலிருந்து ஒரு கவர் வந்தது. அங்கே வேலை பார்க்கும் தோழர் ஒருவர் அனுப்பியிருந்தார். உள்ளே சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஒரே ஓர் அட்டை. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "இது எந்தக் கம்பெனியும் போட்டதில்லை தோழர். ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்து தானே செய்தது. பின்பக்கத்தைப் பாருங்க."

முன்பக்கம் பழங்காலச் சீருடையில் ஒரு கறுப்பர். இடது கையில் பந்து. கீழே பெயர்: ஜான் டொனால்ட்சன். பின்பக்கம் ஆண்டு, அணி, ஆட்டங்கள், வெற்றி, தோல்வி என்று வரிசையாகக் கட்டம் போட்டிருக்கிறது. 1920 முதல் 1924 வரைக்கும் மட்டும் எண்கள். அதற்கு மேலே பத்து ஆண்டுகள், கீழே பத்து ஆண்டுகள், கட்டங்கள் காலி. அச்சுப் பிழையோ என்று முதலில் நினைத்தேன். செய்தவர் வேண்டுமென்றேதான் காலியாக விட்டிருக்கிறார்.

எனக்கு பேஸ்பால் தெரியாது. கிரிக்கெட்டிலேயே நான் பந்து பொறுக்கிப் போட்டவன்தான். ஆனால் அந்தக் காலிக் கட்டங்கள் என்னை இரண்டு வாரம் தூங்க விடவில்லை. படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. இடையில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருடமாகத் தள்ளிப் போட்டது.

பேஸ்பால் கார்டு என்பது அமெரிக்கப் பிள்ளைகளுக்கு, நாம் தெருவில் தீப்பெட்டிப் படம் பொறுக்கிச் சேர்த்தோமே, அதன் பணக்கார அண்ணன். முதலில் சிகரெட் பெட்டிக்குள் வந்தது, பிறகு பபிள்கம்மோடு வந்தது. முன்னால் ஆட்டக்காரர் படம், பின்னால் அவருடைய கணக்கு. டாப்ஸ் என்ற கம்பெனி 1952-ல் வெளியிட்ட தொகுப்பில் மொத்தம் 407 அட்டைகள். விற்காமல் கிடங்கில் கிடந்தவற்றைப் பின்னாளில் அந்தக் கம்பெனியே கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டியது. அதே தொகுப்பில் மிக்கி மேன்டில் என்பவரின் அட்டை ஒன்று 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிருக்கிறது. நம் ஊரில் எத்தனை அரசுப் பள்ளி கட்டலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

இந்த அட்டைகளிலும் வராமல் போனவர்கள் உண்டு. பெரிய லீக்கில் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டுக் காணாமல் போன பந்துவீச்சாளர்கள் இருக்கிறார்கள். அவர்களை பிட்ச்சர் என்பார்கள். அரைமணி நேரம் மைதானத்தில் நின்று, அடி வாங்கி, மறுவாரம் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். கம்பெனி அவர்களுக்கு அட்டை போட்டிருக்காது. இப்படிப்பட்டவர்களுக்காகவே சில ரசிகர்கள் பழைய டாப்ஸ் அட்டையின் எழுத்து, வண்ணம், ஓரக்கோடு எல்லாவற்றையும் அப்படியே பின்பற்றி, வராத அட்டையைத் தாங்களே உருவாக்குகிறார்கள். புகைப்படம் தேடி, கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் தீட்டி, பின்பக்கக் கணக்கைச் சரிபார்த்து அச்சடிக்கிறார்கள். முதலில் எனக்கு இது வேலையத்தவர் வேலையாகப் பட்டது. ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறதே என்று ராத்திரி கண்விழித்து உட்காருகிறவனை நான் கிண்டல் பண்ணக் கூடாது என்று பிறகு தோன்றியது. நம் இயக்கத்தில் பாதிப்பேர் அந்த ரகம்தானே.

ஆனால் டொனால்ட்சன் ஒரே ஆட்டத்தில் காணாமல் போனவர் இல்லை. முப்பது வருடம் பந்து வீசியவர்.

1880-களில் ஒன்றிரண்டு கறுப்பர்கள் வெள்ளையரோடு தொழில்முறை அணிகளில் ஆடினார்கள். பிறகு கதவு சாத்தப்பட்டது. சட்டம் எதுவும் போடவில்லை. முதலாளிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டார்கள். அதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயருக்குக் கனவான்களின் ஒப்பந்தம் என்று பொருள். எழுதாத சட்டத்தின் பலம் நமக்குப் புதுசா என்ன? டீக்கடையில் இரட்டைக் குவளை வைக்க எந்த அரசாணை வந்தது? 1947-ல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்குள் நுழையும் வரைக்கும் அந்தப் பேச்சு ஒப்பந்தம் நின்றது.

டொனால்ட்சன் 1891-ல் மிசௌரி மாநிலத்தில் கிளாஸ்கோ என்ற சிற்றூரில் பிறந்தவர். 1912-லிருந்து 'ஆல் நேஷன்ஸ்' என்ற அணிக்காக வீசினார். வெள்ளையர், கறுப்பர், செவ்விந்தியர், கியூபக்காரர் எல்லாரும் ஒன்றாக ஆடிய அணி. ரயில் பெட்டியில் ஊர் ஊராகப் போய் உள்ளூர் அணிகளோடு மோதி, டிக்கெட் வசூலில் பிழைத்தது. கிட்டத்தட்ட நாடகக் கம்பெனி மாதிரி. பெரிய லீக்கின் கதவு மூடியிருந்ததால் சோளக்காட்டு ஓரத்திலும் சந்தைத் திடலிலும் நூற்றுக்கணக்கான ஊர்களில் வீசினார். 1920-ல் கான்சாஸ் சிட்டியில் ரூப் ஃபாஸ்டர் முன்முயற்சியில் நீக்ரோ நேஷனல் லீக் தொடங்கியபோது, அதில் சேர்ந்த கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியில் டொனால்ட்சன் இருந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதை நெருங்கியிருந்தது. பந்து வீசியதைவிட அவுட்ஃபீல்டில் நின்றதுதான் அதிகம். பிறகு மறுபடி மினசோட்டாவின் சிற்றூர்கள்.

அந்த ஊர்ப் பத்திரிகைகளில்தான் அவருடைய வாழ்க்கை புதைந்து கிடந்தது. மினசோட்டாவைச் சேர்ந்த பீட்டர் கார்ட்டன் என்பவரும் அவரோடு சேர்ந்த தன்னார்வலர்களும் இருபது வருடத்துக்கும் மேலாக நூலகம் நூலகமாகப் போய் மைக்ரோஃபிலிம் சுருள்களைப் பிரித்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை எண்ணியதில் 400-க்கும் மேற்பட்ட வெற்றிகள், 5,000-க்கும் மேற்பட்ட ஸ்ட்ரைக்-அவுட்கள். ஸ்ட்ரைக்-அவுட் என்றால் மட்டையாளர் பந்தை ஆட முடியாமலே வெளியேறுவது. 1925-ல் ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்ற ஊரில் அவர் வீசியதை யாரோ படம் பிடித்த துண்டு ஒன்றும் கிடைத்திருக்கிறது. ஒரு நிமிடம்கூட ஓடாது. கை அலட்டலே இல்லாமல் சுழல்கிறது. நான் அதைப் பத்து தடவையாவது பார்த்திருப்பேன்.

இப்போது எனக்குத் தூக்கம் கெட்ட இடத்துக்கு வருகிறேன்.

டொனால்ட்சனின் பந்து வீச்சைப் பார்த்த ஒரு வெள்ளைக்கார பேஸ்பால் பிரமுகர் அவரிடம் ஒரு யோசனை சொன்னாராம். நீ கியூபாவுக்குப் போ, பெயரை மாற்றிக்கொள், கியூபக்காரன் என்று சொல்லி உன்னைத் திரும்ப அழைத்து வருகிறேன், நல்ல தொகை தருகிறேன். அதற்கு நிபந்தனைகள் உண்டு. கறுப்பர்களோடு எந்த உறவும் வைக்கக் கூடாது. அம்மாவைப் பார்க்கவே போகக் கூடாது. டொனால்ட்சன் மறுத்துவிட்டார். தன் நிறத்தைப் பற்றித் தனக்கு வெட்கமில்லை என்று பிற்காலத்தில் அவரே இதைப் பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார்.

கல்லூரி முதல் வருடம், சென்னையில் நான் அறை தேடி அலைந்தேன். நாலாவது வீட்டில் உரிமையாளர் ஊர் கேட்டார், சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" என்றார். இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் மூன்று வீட்டில் உண்மையைச் சொல்லி வாடகை ஏறியதையும், ஏற்கெனவே ஆள் வந்துவிட்டதாகச் சொன்னதையும் பார்த்திருந்தேன். நாலாவது வீட்டில் பெருமாள் கோயில் தெரு என்றேன். சாவி கொடுத்தார்.

மூன்று வருடம் அந்த அறையில் இருந்தேன். சுவரில் பாபாசாகேப் படம் இல்லை. ஊரிலிருந்து நண்பர்கள் வந்தால் கீழே தெருமுனையில் நின்று பேசி அனுப்பிவிடுவேன். இரண்டாம் வருடம் ஒருநாள் சொல்லாமல் அப்பா வந்தார். கையில் ஒரு பை, வேர்க்கடலை. கோயம்பேட்டிலிருந்து போன் செய்தார். நான் ஓடிப்போய் அங்கேயே பிடித்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். "ரூம்ல எடமில்லப்பா, நாலு பேரு இருக்கோம்" என்றேன். நான் மட்டும்தான் இருந்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. "சரிப்பா, அடுத்த வண்டியிலயே கெளம்புறேன், வயல்ல வேல கெடக்கு" என்றார். எங்களுக்கு வயல் கிடையாது.

அப்பா இப்போது இல்லை. இதைப் பற்றி நாங்கள் இருவரும் கடைசி வரைக்கும் பேசிக்கொள்ளவே இல்லை.

டொனால்ட்சன் மறுத்ததை, நான் மறைத்ததை அடிக்கும் பிரம்பாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இன்றைக்கும் விடுதியிலும் ஐ.டி. கம்பெனியிலும் தெருப்பெயரை மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் இதைப் படிப்பார்கள். அவர்களிடம் 'பார், அந்த மனுசன் மறுத்தார்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அம்மாவைப் பார்க்காதே என்று விலை வைத்தவன் பெயர் அந்தக் கதையில் இல்லை, கவனித்தீர்களா? நாம் விலை கொடுத்தவரையும் மறுத்தவரையும் எடை போட்டுக்கொண்டிருக்கிறோம். விலை வைத்தவனுக்கு அட்டையே கிடையாது.

டொனால்ட்சனைப் படித்த கையோடு இன்னொரு பிட்ச்சரும் கண்ணில் பட்டார். டான் பாங்க்ஹெட். இவருக்குக் காலிக் கட்டப் பிரச்சினை இல்லை. கம்பெனியே போட்ட அட்டை இருக்கிறது, 1951-ல் போமன் என்ற கம்பெனி வெளியிட்டது. இவருக்கு இருப்பது நேர் எதிரான பிரச்சினை.

அலபாமாக்காரர். அண்ணன் தம்பிகள் ஐந்து பேரும் நீக்ரோ லீக்குகளில் ஆடியவர்கள். 1947 ஆகஸ்ட் 26-ல் புரூக்ளின் அணிக்காக இறங்கினார். நிறத்தடை உடைந்த பிறகு பெரிய லீக்கில் பந்து வீசிய முதல் கறுப்பர் இவர்தான். அன்றைக்கு மட்டை பிடித்த முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தார். பந்து வீச்சில் மூன்றே கால் இன்னிங்ஸ் சொச்சத்துக்குள் பத்து ஹிட் கொடுத்து நொறுங்கினார். மூன்று பருவங்கள் விளையாடினார். மொத்தக் கணக்கு 9 வெற்றி, 5 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 6.52 ரன். பேஸ்பால் தெரிந்தவர்கள் இந்த எண்ணைப் பார்த்தால், ஆள் சுமார்தான் என்று அட்டையைக் கீழே வைத்துவிடுவார்கள்.

நீக்ரோ லீக்கில் ஆடி, பிறகு அதன் வரலாற்றை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்த பக் ஓ'நீல் வேறொன்று சொல்கிறார். பாங்க்ஹெட்டுக்குத் திறமைக் குறைவு இல்லை, பயம். பிட்ச்சர் என்பவர் அவ்வப்போது மட்டையாளரின் உடம்பை ஒட்டிப் பந்தை எறிந்தால்தான் அவரை மிரட்டி வைக்க முடியும். வெள்ளைக்காரன் மேல் பந்து பட்டுவிட்டால் கலவரம் வந்துவிடும் என்று பாங்க்ஹெட் நடுங்கினாராம். அவர் தெற்கில் வளர்ந்தவர். எதற்கெல்லாம் கறுப்பரை மரத்தில் தொங்கவிடுவார்கள் என்று தெரிந்தவர். முதல் நாளே ஒரு பந்து வெள்ளை ஆட்டக்காரர் மேல் பட்டும்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒன்றும் நடக்காது என்று உடம்புக்கு யார் சொல்வது?

முதல் தலைமுறையாக ஐ.ஐ.டி.க்கோ மருத்துவக் கல்லூரிக்கோ போன நம் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 'தகுதி' பேசுகிறார்களே, அப்போதெல்லாம் இனி எனக்கு இந்த 6.52 ஞாபகம் வரும். எண் சரியானதுதான். எந்த வயிற்றுக் கலக்கத்தோடு அந்தப் பந்து வீசப்பட்டது என்பதற்கு அட்டையில் கட்டம் இல்லை.

2020 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால் ஓர் அறிவிப்பு செய்தது. 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு நீக்ரோ லீக்குகளையும் இனிப் பெரிய லீக்காகக் கணக்கில் எடுத்துக்கொள்வதாக. சுமார் 3,400 ஆட்டக்காரர்கள் ஒரே நாளில் முன்னாள் மேஜர் லீக் வீரர்கள் ஆனார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் செத்துப்போயிருந்தார்கள். எவையெல்லாம் பெரிய லீக் என்று முடிவுசெய்ய 1969-ல் ஒரு குழு கூடியபோது, நீக்ரோ லீக்குகளைப் பரிசீலனைக்கே எடுக்கவில்லை. நிராகரித்திருந்தால்கூடக் குறைந்தபட்சம் பேச்சு வந்திருக்கும். 2024 மே மாதம் கணக்குகளையும் சேர்த்தார்கள். மொத்த வாழ்நாள் மட்டைச் சராசரியில் டை காப் என்ற வெள்ளையரின் .367-ஐத் தாண்டி ஜாஷ் கிப்சன் .372-உடன் முதலிடத்துக்கு வந்தார். வரவேற்க வேண்டிய விஷயம்தான். நானும் கைதட்டினேன். ஆனால் செய்திகளில் அந்தஸ்து வழங்கினார்கள், கௌரவித்தார்கள் என்றெல்லாம் வந்தபோது பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. கதவைச் சாத்தியவன் அறுபது வருடம் கழித்துத் திறந்தால் அதற்குப் பெயர் வழங்குவதா?

டொனால்ட்சனுக்கு அந்தத் திறப்பும் பாதிதான். அவருடைய உச்சம் 1920-க்கு முந்தியது. அப்போது கறுப்பருக்கு லீக்கே இல்லாததால் அது கணக்கில் வராது. பிந்தைய மினசோட்டா ஆண்டுகளும் வராது. உள்ளூர் அணிகளோடு ஆடியதை எப்படிச் சேர்ப்பது என்கிறார்கள். நியாயமான கேள்விதான், யாரும் மறுக்க முடியாது. அவரைப் பெரியவர்களோடு ஆட விடாமல் வைத்துவிட்டு, சின்னவர்களோடுதானே ஆடினாய் என்று கேட்கும் நியாயம். 2021 டிசம்பரில் புகழ் மண்டபத்துக்கான வாக்கெடுப்பில் 16 பேரில் 8 பேர் அவருக்கு வாக்களித்தார்கள். 12 தேவை.

ஆடி முடித்த பிறகு அவர் சிகாகோவில் தபால் துறையில் வேலை பார்த்தார். 1949-ல் சிகாகோ வைட் சாக்ஸ் அணி அவரைத் திறமை தேடும் ஸ்கௌட்டாக வைத்துக்கொண்டது. பெரிய லீக்கில் முழுநேர ஸ்கௌட்டான முதல் கறுப்பர். 1970-ல் இறந்தார். ஆல்சிப் என்ற இடத்தில் பர் ஓக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள், பெயர்க்கல் இல்லாமல். எம்மெட் டில்லைப் புதைத்த அதே இடம். 1955-ல் மிசிசிப்பியில் வெள்ளையர்கள் அடித்துக் கொன்ற பதினான்கு வயதுச் சிறுவன். பெயரில்லாத ஆட்டக்காரர் கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கல் வைக்கும் வேலையை ஒரு மயக்க மருத்துவர், ஜெரமி குரோக், தொடங்கினார். டொனால்ட்சனுக்கு 2004-ல் கல் வந்தது. தோழர் அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தபிறகுதான் அட்டையை அனுப்பியிருக்கிறார். சுடுகாட்டுப் பாதைக்கே வழக்குப் போடும் ஊர்க்காரன் நான், இதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம்.

அட்டையை மாலைப் பள்ளிக்கு எடுத்துப்போனேன். பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, நம்ம ஆளு யாருக்காவது இருக்கா சார்? பல்வங்கர் பாலு கதையைச் சொன்னேன். சமார் சாதியில் பிறந்தவர், டொனால்ட்சன் மாதிரியே இடது கை. பூனாவில் பார்சிகள் கிளப்பில் மைதானம் பராமரிக்கும் வேலையிலிருந்து தொடங்கியவர். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தார். பூனா இந்துக்கள் அணியில் அவர் எடுக்கும் விக்கெட் வேண்டும், ஆனால் டீ மட்டும் வெளியே தனியாக மண் குவளையில். இந்துக்கள் அணிக்கு அவரைக் கடைசிவரை கேப்டனாக்கவில்லை. (1937 தேர்தலில் பாபாசாகேபை எதிர்த்து காங்கிரஸ் இவரையே நிறுத்தியது. அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.)

உடனே அட்டை செய்ய வேண்டும் என்றார்கள். முன்பக்கம் சீக்கிரம் முடிந்தது, ஒரு பையன் படம் நன்றாக வரைவான். பின்பக்கத்தில்தான் சண்டை. 114 போடலாம் என்றார்கள் சிலர். குவளையைப் போட வேண்டும் என்றார்கள் சிலர். குவளையைப் போட்டால் பாவம் பார்ப்பார்கள், விக்கெட்டை மறந்துவிடுவார்கள் என்றாள் ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண். குவளையை விட்டுவிட்டால் அவர்கள் தப்பித்துவிடுவார்களே என்றான் இன்னொருவன். ஒரு மணி நேரம் ஆயிற்று. கரண்ட் போய், மெழுகுவர்த்தி ஏற்றியும் சண்டை ஓயவில்லை. கடைசியில் 'கேப்டன்' என்று ஒரு கட்டம் போட்டு அதைக் காலியாக விட்டார்கள். நான் சொல்லித் தரவில்லை. டொனால்ட்சன் அட்டையைப் பார்த்து அவர்களே எடுத்த முடிவு.

அளவு இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். ஓர் ஏ4 தாளில் ஒன்பது அட்டை வெட்டலாம். கலர் ஜெராக்ஸ் கடையில் தடித்த தாள் என்று கேட்டால் கொடுப்பார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் நேராகப் பொருந்துவதுதான் கஷ்டம், எங்களுக்கு முதல் இரண்டு தாள் வீணாய்ப் போனது.

உங்கள் காலனியில் அந்தக் காலத்தில் டீம் வைத்து ஆடியவர்கள் இருந்தால், அவர்களிடம் பழைய ஸ்கோர் நோட்டோ குரூப் போட்டோவோ இருந்தால், போனில் படம் எடுத்து அனுப்புங்கள். பெயர், எந்த வருடம், யாரோடு ஆட விட்டார்கள், யாரோடு ஆட விடவில்லை என்று தெரிந்தவரை எழுதுங்கள். தெரியாததை நிரப்ப வேண்டாம், அந்த இடத்தைக் காலியாகவே அனுப்புங்கள்.